கரண்ட் போன பிறகும் கோப்பு இருக்குமா?

2012இல் கோவை மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, யுபிஎஸ் கைவிட்ட ஒரு மதியம், நான் சேமித்து வைத்த கோப்பு ஒன்று காணாமல் போச்சு. 'சேமிச்சாச்சு'ன்னு கணினி சொன்னதுக்கு என்ன அர்த்தம்?

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெயஸ்ரீ மோகன், விஜய் சிதம்பரம் உள்ளிட்ட ஐவர் 2018இல் வெளியிட்ட க்ராஷ்மங்கி ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் கோப்பு முறைமைகளுக்கான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் அன்று இருந்த 482 சோதனைகளில், திடீர் நிறுத்தத்தைச் சோதித்தவை வெறும் 26. அவையும் பழைய பிழைகளுக்குப் போட்ட பூட்டுகள். புதுப் பிழையைத் தேடாது. இவர்கள் பெயர் மாற்றுதல் போன்ற சின்னச் செயல்களை மூன்று வரை கோத்து, லட்சக்கணக்கில் ஓட்டி, 10 புதுப் பிழைகளைப் பிடித்தார்கள். அதில் 7 பிழைகள் 2014லிருந்தே இருந்தவை.

ஒரு குறை சொல்லணும். 'வட்டில் எழுதியாச்சு' என்று எஃப்சிங்க் உறுதி தந்த பிறகுதான் இவர்கள் நிறுத்திப் பார்க்கிறார்கள். நம்ம ஊர் கரண்ட் அதுவரை காத்திருக்காதுங்க. பாதி எழுத்திலேயே போயிரும்.

இவர்கள் சோதனைகளில் சில பின்னர் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸிலேயே சேர்ந்தன. வேட்டை ஒருமுறைதான், பூட்டை ஒவ்வொரு கெர்னலுக்கும் யாராவது ஆட்டிப் பார்க்கணும். என் கோப்பு அவங்களை நம்பித்தான் இருக்கு.