காட்டுப்பள்ளிக் கடற்கரையை ஆண்டவர் யார்? அரசுகளின் பெயரும் தேசியச் சார்பும்

காட்டுப்பள்ளி, வட சென்னையில் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே உள்ள மணற்பாங்கான நிலப்பகுதி. இன்று துறைமுகத்தால் அறியப்படும் இக்கடற்கரையின் வரலாற்றைச் சுருக்கி எழுதுவோர் விஜயநகரக் காலம், போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் எனப் பிரிப்பது வழக்கம். இந்த வரிசையில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கு ஆட்சி செய்த கோல்கொண்டா அரசு விடுபட்டுப் போகிறது. அல்லது 'முகமதியர் ஆட்சி' என்ற ஒரு தொடரில் முடிந்துவிடுகிறது.

'ஒல்லாந்தர் காலம்' என்பதே பொருத்தமற்ற பெயர். பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை ஒரு வணிகக் கும்பினியின் உடைமை. அங்கு வணிகம் செய்யும் உரிமையை அளித்தவர் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர். கோட்டைச் சுவருக்கு வெளியே நிலமும் வரியும் உள்நாட்டு அரசுக்கே உரியவை. 1640களில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இக்கடற்கரையைக் கைப்பற்றினார். 1687இல் கோல்கொண்டா முகலாயரிடம் வீழும் வரை இந்நிலை நீடித்தது.

இந்த அரசை எப்படி அழைப்பது? குதுப் ஷாஹி மரபைத் தோற்றுவித்த சுல்தான் குலி, ஈரானின் ஹமதானிலிருந்து வந்த துருக்மானியர். ஆகவே 'துருக்கிய அரசு' எனலாம். அரசவையில் பாரசீகம் வழங்கியதால் 'பாரசீக அரசு' என்றும் சொல்லலாம். இப்ராகிம் குதுப் ஷா தெலுங்குப் புலவர்களை ஆதரித்தார். கடைசி சுல்தானின் அரசை நடத்தியவர்கள் மாதண்ணா, அக்கண்ணா என்னும் பிராமணச் சகோதரர்கள். எனில் 'தெலுங்கு அரசு' என்று ஏன் சொல்லக் கூடாது? ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சான்று கிடைக்கிறது. ஆட்சியாளரின் பிறப்பு, அவை மொழி, குடிகளின் மொழி, சமயம் ஆகியவற்றில் எழுதுபவருக்கு வேண்டிய ஒன்று மட்டும் பெயராக ஏறி, மற்றவை மறைவதில்தான் சிக்கல் இருக்கிறது.

இதற்கு வெளிப்படையான எடுத்துக்காட்டு துருக்கிக் குடியரசுத் தலைவரின் முத்திரை. அதிலுள்ள 16 விண்மீன்கள் 16 'துருக்கியப் பேரரசுகளை' குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. அப்பட்டியலில் பாபரின் முகலாய அரசும் உண்டு. அதே முகலாயர் இந்திய எழுத்தில் சிலருக்கு இந்தியப் பேரரசர், சிலருக்கு அந்நியர். முகலாயர் தம்மைக் 'கூர்கானி' என்றே அழைத்துக்கொண்டனர். மறுபுறம், எகிப்தை ஆண்ட மம்லூக் அரசைச் சமகால அரபு நூல்கள் 'துருக்கியரின் அரசு' என்றன; இன்றைய நூல்களிலோ அப்பெயர் அரிது.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. துருக்கரைக் குறித்த 'துலுக்கர்' என்ற சொல் நாளடைவில் எல்லா இசுலாமியருக்கும் பெயராயிற்று. இன்று அது இழிவாகவே ஒலிக்கிறது. அதற்கு முன்பே கடல்வழி வந்த இசுலாமிய வணிகருக்குச் 'சோனகர்' என்ற தனிச்சொல் இருந்தது. இடைக்காலத் தமிழர் பிரித்துப் பார்த்ததைப் பிற்கால எழுத்தாளர் ஒன்றாக்கிவிட்டனர். மதுரை சுல்தானகத்தைத் 'துலுக்கர் ஆட்சி' என்று எழுதுவது இவ்வகை. அதை நிறுவிய அசன் ஷா கைத்தல் நகரைச் சேர்ந்த சையது, அதாவது நபிகளின் வழிவந்தவராகத் தம்மைக் கருதும் மரபினர். அவருக்குப் பின் ஆண்ட கியாசுதீனின் பெயரோ ஈரானின் தாம்கானைச் சுட்டுகிறது. கியாசுதீனை எதிர்த்த ஒய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் படையில் 20,000 இசுலாமியர் இருந்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். எண்ணிக்கையை நம்பாவிட்டாலும், அதை வெறும் சமயப் போராகக் காட்ட இக்குறிப்பு இடம் தரவில்லை.

பெயரைத் திருத்தினால் போதாது. வினைச்சொல்லிலும் சார்பு ஒளிந்திருக்கிறது. 1311இல் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தது 'படையெடுப்பு', 'கொள்ளை'. இராசேந்திர சோழன் ஈழத்தையும் கடாரத்தையும் தாக்கியது 'வெற்றி', 'கடற்பயணம்'. சோழர் விகாரைகளைச் சூறையாடியதாகச் சூளவம்சம் சொல்வதைத் தமிழ்ப் பாடநூல்கள் எவ்வளவு இடம் கொடுத்து எழுதுகின்றன என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கோல்கொண்டாவைத் தலைநகராலோ மரபாலோ அழைத்து, துருக்மானியத் தோற்றத்தைக் கட்டுரைக்குள் சொல்வதே தகும். மரபுப் பெயர்களும் முற்றிலும் நடுநிலையானவை அல்ல ('மம்லூக்' என்றாலே அடிமை), ஆயினும் அவை எந்த நாட்டுக்கும் பட்டா எழுதிக் கொடுப்பதில்லை.

காட்டுப்பள்ளிப் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. இக்கடற்கரையில் கோல்கொண்டா ஆட்சி பற்றிய செய்திகளில் பெரும்பகுதி ஐரோப்பியக் கும்பினி ஆவணங்கள் வழியே வருகிறது. அவற்றில் வரும் 'மூர்' என்ற சொல், வட ஆப்பிரிக்க இசுலாமியருக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயர். அது ஓரிடத்தில் பாரசீக அதிகாரியைக் குறிக்கும், வேறோரிடத்தில் தமிழ் பேசும் மரக்காயர் வணிகரைக் குறிக்கும். இதைத் தமிழாக்குவோர் ஒவ்வோர் இடத்திலும் ஆள் யார் என்று பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.