‘நைஸ்’: ஆண்டு பார்த்துப் படிக்க வேண்டிய சொல்

ஆங்கிலக் கட்டுரை திருத்தும் ஆசிரியர்களின் சிவப்பு மைக்கு அடிக்கடி இரையாகும் சொல் ‘நைஸ்’. சாப்பாடு நைஸ், சினிமா நைஸ், ஆளும் நைஸ் என்று எதோடும் ஒட்டிக்கொள்வதால் அதில் சாரமில்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் இத்தனை வேடம் கட்டிய சொற்கள் அதிகமில்லை. அதை ரசிக்க ஒரு பழக்கம் போதும்: இது எந்தக் காலத்து வாக்கியம் என்று முதலில் பார்த்துவிடுவது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதன் முன்னால் ‘இல்லை’ என்பதற்கான ‘நே’ சேர்ந்து பிறந்த ‘நெஸ்கியுஸ்’, ஒன்றும் அறியாதவனைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் மூடத்தனம். அதே லத்தீன் சொல்லில் பிறந்த ஸ்பானிய ‘நெசியோ’ இன்றைக்கும் முட்டாளைத்தான் சொல்கிறது. இன்னொரு வியப்பு, ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் இதே ‘ஸ்கீரே’யிலிருந்து வந்ததுதான்!

மூடத்தனத்திலிருந்து ‘நல்லது’ வரை வந்தது எப்படி? படிப்படியாகத்தான். முதலில் அடக்கமில்லாத நடத்தையும் பகட்டான உடையும் ‘நைஸ்’ ஆயின. பிறகு எதிலும் குறை காண்பவர், எளிதில் திருப்திப்படாதவர். அப்படிப்பட்டவருக்குச் சின்ன வேறுபாடுகூடக் கண்ணில் படும் அல்லவா? அந்த வழியில் மென்மை, துல்லியம், நுணுக்கம் என்ற பொருள்கள் சேர்ந்தன. இனிமை என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது.

இந்த வரிசை மனத்தில் இருந்தால் ஷேக்ஸ்பியர் வேறு மாதிரி ஒலிப்பார். ‘ரோமியோ ஜூலியட்’டின் கடைசி அங்கம். ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொள்ளைநோய் பயத்தில் தூதரை ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அதைக் கேட்ட பாதிரியார் லாரன்ஸ், அந்தக் கடிதம் ‘நைஸ்’ அல்ல என்று பதறுகிறார். அற்ப விஷயமல்ல, உயிர்போகும் காரியம் என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் கடிதம் இனிமையாக இல்லை என்றாகிவிடும். காட்சியின் பதைப்பே போய்விடும்.

1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் ஆபி’யில் பழைய பொருளும் புதிய பொருளும் நேருக்கு நேர் மோதுகின்றன. பாத் நகரை அடுத்த குன்றுக்கு நடந்துபோகும்போது கதாநாயகி காதரின் ஒரு நாவலை ‘நைஸ்’ என்று புகழ்கிறாள். கூட வரும் ஹென்றி டில்னி விடவில்லை: நேர்த்தியைச் சொல்கிறாயா? அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சீண்டுகிறான். நேர்த்திக்கும் நுட்பத்துக்கும் இருந்த சொல் இப்போது எல்லாவற்றுக்கும் பாராட்டாகிவிட்டதே என்பது அவன் வாதம். நமது ஆசிரியர்களின் குறை அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் காதரின் பக்கம்தான் மொழி போனது. இந்தப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. நூலகத்தில் கிடைத்தால் ‘நைஸ்’ பகுதியை எடுத்து மேலிருந்து கீழே நிதானமாக வாசியுங்கள். வழக்கிலிருக்கும் பொருளை முதலில் தராமல், வரலாற்று வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்களோடு தரும் அகராதி அது. எங்கே ஒரு பொருளின் மேற்கோள்கள் நின்றுபோகின்றன என்று பாருங்கள். அந்தப் பொருள் வழக்கொழிந்த காலம் தெரியும்.

எல்லாமே வழக்கொழிந்துவிடவில்லை. மயிரிழை வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று சொல்லும் ஆங்கிலேயர் இன்றும் உண்டு. நம் வீட்டில் உளுந்தை ‘நைஸா அரை’ என்கிறோமே, அங்கும் பொருள் நுண்மைதான், இனிமை அல்ல. வேலை நேரத்தில் ‘நைஸா நழுவியவர்’ செய்ததும் பிறர் கண்ணில் படாத நுணுக்கமான வேலைதான்.

‘நைஸ்’ பிடித்துப்போனால் அடுத்து ‘சில்லி’யை எடுங்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘அருள் பெற்ற’ என்ற பொருளில் தொடங்கியது. கள்ளமற்றவர், பாவம் இரக்கத்துக்குரியவர் என்று இறங்கி இறங்கி, ‘நைஸ்’ புறப்பட்ட முட்டாள்தனத்தில் வந்து நிற்கிறது.