நூலும் நூற்பவளும்

திருப்பூரில் ‘நூல்’ என்று சொன்னால் எவரும் புத்தகத்தை நினைப்பதில்லை. அங்கே நூல் என்பது கோன்களில் சுற்றப்பட்டு வந்திறங்குவது, எண்ணால் அறியப்படுவது. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் முப்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடையாயின், அது முப்பதாம் எண் நூல். அதாவது ஒரு பவுண்டுப் பஞ்சு 25,200 கெஜ நீளத்துக்கு இழையாகியிருக்கிறது. 2022 மே மாதத்தில் நூல் விலையேற்றத்தைக் கண்டித்துப் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் இரண்டு நாள் மூடிக் கிடந்தன. அந்நகரில் ஆயர் ஒருவர் பிரசங்க பீடத்தில் நின்று ‘திருநூல்’ என்று தொடங்குவாராயின், கேட்போர் செவியில் எது விழும் என்பது எண்ணத்தக்கது.

நம் அருளுரைகளில் இச்சொல்லைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் விளக்கம் ஒன்றுண்டு. நூல் என்றால் இழை. இழை பூக்களைத் தொடுக்கும். அவ்வாறே அறுபத்தாறு ஆகமங்களையும் ஒரே இழை தொடுப்பதால் வேதாகமம் நூல் எனப்பட்டது என்பர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லின் பிறப்பைக் காட்டி அதன் பொருளை நிறுவும் இம்முறை எத்தகைய இடர்களுக்கு இட்டுச்செல்லும் என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலிய மொழியின் பொருளியல் பற்றிய ஆய்வில் விரிவாகக் காட்டிவிட்டார். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதை அது வழங்கும் வாக்கியமே தீர்மானிக்கும். அதன் வேர் அன்று. எபிரேயச் சொற்களுக்கு நாம் ஏற்றுக்கொண்ட இவ்வெச்சரிக்கை தமிழ்ச் சொற்களுக்கு மட்டும் பொருந்தாது என்பதற்கில்லை.

மேலும், நம் முன்னோர் தந்த விளக்கம் பூத்தொடுப்பதன்று. இறையனார் களவியலுக்கு எழுந்த பழைய உரை நூல் என்னும் பெயருக்கு இரு காரணங்களைக் கூறுகிறது. கைத்திறன் உள்ள பெண் பஞ்சின் நுண்ணிய நுனிகளை ஒரே இழையாக்குவது போலப் புலவன் பரந்து கிடக்கும் சொற்களை ஒழுங்குபடுத்துகிறான் என்பது ஒன்று. தச்சனுடைய நூல் மரத்தின் கோணலைக் காட்டிச் செப்பம் செய்வது போல மனத்தின் கோணலைச் செப்பம் செய்கிறது என்பது மற்றொன்று. நன்னூலின் பொதுப்பாயிரமும் இவ்விரண்டையும் ஏற்கிறது. அதை யாத்த பவணந்தியாரைத் திருப்பூருக்கு வடகிழக்கிலுள்ள விஜயமங்கலம், சீனாபுரம் பகுதியைச் சார்ந்தவராகக் கொங்கு நாட்டு மரபு கொண்டாடுவது இங்கு நினைக்கத்தக்கது.

நூற்றல் என்னும் வினை பஞ்சுக்கும் பாட்டுக்கும் பொதுவாக வழங்கியதை அகராதிகள் பதிவு செய்துள்ளன. ‘பனுவல்’ என்பதும் அத்தகையதே. சங்கப் பாட்டில் நூற்பதற்குரிய பஞ்சைக் குறித்த அச்சொல், பின்னர் நூலையும் செய்யுளையும் குறித்தது. இவ்வுறவு தமிழுக்கே உரியதென்று பெருமை கொள்ள வேண்டியதில்லை. வடமொழியின் சூத்திரமும் இழைதான். மேலைநாட்டார் மூலபாடத்துக்கு வழங்கும் சொல் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிற் பிறந்தது. சீனர் தம் பேரிலக்கியங்களைச் சுட்டும் எழுத்தோ தறியின் பாவு நூலைக் குறிப்பது. உடுக்கையும் உரையும் மனிதருக்கு ஒருங்கே தோன்றியிருக்கின்றன போலும்.

இரண்டாவது பொருளை நாம் அதிகம் பேணவில்லை. கொத்தனாரும் தச்சரும்தான் பேணினர். சுவர் எழுப்புவோர் இன்றும் நூல் பிடிக்கின்றனர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ‘ஒரு நூல்’ என்று கணக்கிடப்படுகிறது; கடையில் மூன்று நூல் கம்பி, நான்கு நூல் கம்பி என்று கேட்டு வாங்குகின்றனர். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வழக்கை நன்கு அறிந்திருந்தனர். ஏசாயா 28ஆம் அதிகாரத்தில் பொய்யைப் புகலிடமாக்கிக்கொண்ட ஆட்சியாளர்க்கு எதிராகக் கடவுள் நியாயத்தை நூலாகவும் நீதியைத் தூக்குநூலாகவும் வைக்கிறார். சமாரியாவின் மட்டநூல் எருசலேமின்மேல் பிடிக்கப்படுகிறது (2 இராஜாக்கள் 21). சகரியா அளவுநூல் ஏந்திய ஒருவரைக் காண்கிறார். ஆமோஸ் ஏழாம் அதிகாரத்துத் தூக்குநூல் மட்டும் ஐயத்துக்குரியது. அங்குள்ள எபிரேயச் சொல் ஈயமா தகரமா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை.

இவற்றினும் சிந்தனைக்குரியது பத்தொன்பதாம் சங்கீதம். வானங்களிலிருந்து பூமியெங்கும் புறப்படுவது எது? எபிரேய மூலத்தில் உள்ள ‘கவ்’ என்னும் சொல், ஏசாயாவில் அளவுநூலைக் குறிக்கும் அதே சொல். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதனை ஒலி என்று பெயர்த்தனர். பவுலடியார் ரோமர் பத்தாம் அதிகாரத்தில் அதையே எடுத்தாண்டார். தமிழிலும் ‘சத்தம்’ என்றே நிலைத்தது. ஒரு எழுத்து விடுபட்டதாகக் கொண்டு மூலத்தைத் திருத்துவோரும் உளர். தமிழில் மட்டும் அங்கே ‘நூல்’ என்று பெயர்த்திருந்தால், அளவு, சொல் ஆகிய இரண்டும் ஒருங்கே ஒலித்திருக்கும். இதனை எபிரேயக் கவிஞரின் கருத்தென்று நாம் வாதிடவில்லை. அது பார் கண்டித்த பிழையே ஆகும். வாசிப்போர் மொழி மூலத்துக்கு எதிர்பாராமல் அளிக்கும் கொடை என்றே கருதுகிறோம்.

ஆனால் நூல் எல்லோரையும் ஒன்றுபோல் அளந்ததில்லை. தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரிய அடையாளங்களுள் நூலை வைத்திருக்கிறது. மார்பில் நூல் உடையோரே ஓலையில் உள்ள நூலுக்கும் உரியோர் எனும் நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. மதுரையில் தெ நோபிலி பூணூலை அனுமதித்தது குறித்து எழுந்த வழக்கு உரோமை வரை சென்று, 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசரின் ஆணையால் தற்காலிகமாகத் தீர்ந்தது. அவ்வழக்கில் அந்நூலை நூற்றவர் யார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் இலக்கண மரபைக் குறித்து நாம் எழுப்பும் குறையும் இதுவே. பாயிரத்தின் உவமையை மீண்டும் பாருங்கள். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் பெண், வாய் கை, அறிவு கதிர். உவமைக்கு வந்த பெண் உவமையோடு நின்றுவிடுகிறாள். அவள் கை வாயாகவும் அவள் கதிர் அறிவாகவும் மாறியபின் அவள் தேவைப்படவில்லை. சங்கப் பாடல்கள் இவளைச் சற்று அருகில் நின்று கண்டன. நற்றிணையில் நூற்பவர்கள் ஆண் துணையற்ற பெண்கள், தம் முயற்சியாலேயே வாழ்பவர்கள். பாயிரத்தில் அந்த வறுமை மறைந்து, செவ்விய அணிகள் பூண்டவளாக அவள் காட்சியளிக்கிறாள்.

அவள் மறையவில்லை. திருப்பூரின் ஊசிகளுக்கு நூல் தரும் நூற்பாலைகள் பல்லடம், உடுமலைப்பேட்டை தொடங்கித் திண்டுக்கல் வரை பரவியுள்ளன. அவற்றில் அறுந்த இழையை ஒட்டி நிற்போரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மணமாகாத சிறுமியரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய ஏற்பாட்டுக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயரிட்டனர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வரதட்சணைக்காகவே அத்தொகை என்பதை மங்கலச் சொல் ஒன்று மூடி மறைத்தது. இடையில் நோயுற்று வீடு திரும்பியவர்களில் பலர் தொகையைக் காணவில்லை. சொல் பொய் பேசும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் இதற்கு மாறான ஒன்றைச் செய்கிறது. ஆசரிப்புக் கூடாரத்துக்கு வேண்டிய இளநீல, இரத்தாம்பர, சிவப்பு நூலை நூற்றுக் கொண்டுவந்த பெண்களை அது இருதயத்தில் ஞானமுள்ளவர்கள் என்று அழைக்கிறது. பெசலெயேலுக்கு அளிக்கப்பட்டதும் இதே ஞானம்தான். இங்கே அறிவுக்குக் கதிர் உவமையாகவில்லை. கதிர் பிடித்த கையிலேயே அறிவு இருக்கிறது. நன்னூலார் இரண்டாகப் பிரித்து ஒன்றை மற்றொன்றுக்கு உவமையாக்கியதை, இப்பகுதி பிரிக்கவேயில்லை. நீதிமொழிகள் இறுதி அதிகாரத்தின் பெண்ணும் கதிரைப் பிடிக்கிறாள். ஞானத்தோடே வாய் திறக்கிறாள். கையும் வாயும் ஒருத்தியுடையவை.

இவ்வாறு பார்க்கையில், மலைப்பொழிவின் காட்டுப் புஷ்பங்களைப் பற்றிய பகுதியை நூற்பாலை ஊர்களில் வாசிப்பது எளிதன்று. அவை உழைப்பதுமில்லை, நூற்பதுமில்லை என்பதை நம் விளக்கவுரைகள் கவலையின்மைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு கடந்துவிடுகின்றன. நூற்றல் என்னும் வினையில் அவை பெரும்பாலும் நிற்பதில்லை. இரவு முறை முடித்து வந்து சபையின் பின்வரிசையில் அமரும் பெண், அந்த வினையில்தான் நிற்கிறாள். அவளுக்கு அது உவமையன்று, எட்டு மணி நேரம். நூற்காத பூவுக்குச் சாலொமோனிலும் சிறந்த உடை உண்டென்றால், நூற்கும் தனக்கு என்ன உண்டு என்று அவள் கேட்கக்கூடும்.