இரு படங்களும் இருவகை மௌனங்களும்

அண்மையில் வெளிவந்த சமூகப் படங்களுள் இரண்டு ஒருங்குவைத்து நோக்கத்தக்கன. ஒன்று பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024). மற்றையது பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ (2023). இரண்டும் பயணக் கதைகள். இரண்டிலும் பேசாதவர்களே கதையின் சுமையைத் தாங்குகின்றனர்.

ஒடுக்கப்பட்ட சாதி இளைஞன் ஒருவனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்துள்ளதென நம்பும் உறவினர், அவளை முச்சக்கர வண்டியிலேற்றிக் குறிசொல்பவரிடம் கொண்டுசெல்வதே ‘கொட்டுக்காளி’யின் கதை. பின்னணி இசை அறவே இல்லை. எனவே வண்டியின் இரைச்சலுக்கிடையில் மீனாவின் மௌனம் மேலும் துலக்கமாகிறது. அம்மௌனம் இயலாமையன்று, மறுப்பு. வீதியை மறித்த காளையின் முன் ஆண்கள் செயலற்று நிற்க, சிறுமியொருத்தி வந்து அதனை எளிதாக அழைத்துச் செல்கிறாள். நீண்ட வசனங்களாற் கூறவியலாததை இக்காட்சி கூறிவிடுகிறது.

‘பரடைஸ்’ 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் களமாகக் கொண்டது. இராமாயணத் தலங்களைக் காண மலையகம் வரும் கேரளத் தம்பதியரின் உடைமைகள் களவுபோகின்றன. பொலிஸார் தமிழ்த் தோட்டத் தொழிலாளரைப் பிடித்துவருகின்றனர். கணவனின் அவசரம் ஓர் உயிரைப் பலிகொள்கிறது. மனைவி அமிர்தாவின் மனச்சாட்சி விழித்தெழும் விதம் மிக நுட்பமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது.

எனினும், இங்கு ஒரு வினா எழுகிறது. அத்தொழிலாளரை நாம் வந்தவர்களின் கண்களாலேயே காண்கிறோம். இறந்தவனது வாழ்வு எமக்குத் தெரியவருவதில்லை. அவனுக்காகக் குரலெழுப்புவோர் கூட்டமாகவே தோன்றுகின்றனர். வந்தவர்களின் குருட்டுத்தன்மையே படத்தின் பொருள், ஆகவே இது வேண்டுமென்றே செய்யப்பட்டது என வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் இதே நெறியாளர் 2012இல் ‘ஒப நத்துவ ஒப எக்க’ படத்தில் செல்வி என்னும் தமிழ்ப் பெண்ணைக் கதையின் நடுவிலேயே நிறுத்தியவர். அதனாற்றான் அவரிடம் இதனைக் கேட்க எமக்கு உரிமையுண்டு.

மீனா தன் மௌனத்தைத் தானே தேர்ந்துகொள்கிறாள். மலையகத் தொழிலாளரின் மௌனமோ அவர்கள்மீது சுமத்தப்பட்டது. பொலிஸார் அதனைச் சுமத்துவதைப் படம் துணிவுடன் காட்டுகிறது. தானும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறதா என்பதே எமது ஐயம். இவ்விரு மௌனங்களையும் வேறுபிரித்தறியாது இரண்டையும் ‘கலையழகு’ எனப் பாராட்டுவது விமர்சனமாகாது.