திரையில் தெரியும் பலிபீடம்

ஞாயிறு திருப்பலிக்கு இரண்டாம் மணி அடித்து ஓய்ந்ததும் கோவில் முற்றத்தில் நின்று மக்கள் வருவதைப் பார்ப்பது பங்குத்தந்தையரின் நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளாக அந்த நேரத்தில் இன்னொரு வேலையும் நமக்குச் சேர்ந்திருக்கிறது. பாடகர் குழுவின் அருகே நிறுத்தியுள்ள கேமராவின் சிறு விளக்கு எரிகிறதா என்று இளைஞர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். முற்றத்தில் வருவோரை நாம் பெயர் சொல்லி அழைக்க முடியும். அந்த விளக்குக்கு அப்பால் இருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஓர் எண் மட்டுமே தெரிகிறது. பெருந்தொற்றுக் காலம் விட்டுச் சென்ற இந்த வழக்கத்தைப் பழிப்பதோ போற்றுவதோ நம் நோக்கமன்று. ஒரு நூலைத் திறனாய்வு செய்பவர் அதன் நிறைகுறைகளை எடை போடுவதுபோல், நேரலைத் திருப்பலியையும் எடை போட்டுப் பார்க்க விழைகிறோம்.

பழைய கேள்வி

கேள்வி புதியதன்று. 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் தொடங்கி வைத்தார். 1948 கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலி பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதைப் பற்றி இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொன்னார். தொலைக்காட்சியில் திருப்பலி காண்பது நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்பது ஒன்று. வர இயலாதவர்க்கு அதனால் விளையும் ஆன்மிக நன்மை பெரிது என்பது மற்றொன்று. அரை நூற்றாண்டுக்குப் பின், 2007-இல், நற்கருணை பற்றிய மடலில் பதினாறாம் பெனடிக்டும் இதையே வலியுறுத்தினார்.

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை தேர்ந்துகொண்டவர் அசிசி நகர்ப் புனித கிளாரா. 1252-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவில் அவர் நோயுற்றுப் படுத்திருந்தார். தொலைவில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. இந்த நிகழ்ச்சியை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். ஆனால் அதன் பாதியை மறந்துவிடுகிறோம். கிளாரா போக விரும்பினார், போக முடியவில்லை. ஏங்கிய உள்ளத்துக்கு ஆறுதலாகவே அந்தக் காட்சி தரப்பட்டது. எழுந்து நடக்க வல்லவர், நடக்க மனமின்றிப் படுத்திருந்தபோது தரப்படவில்லை.

காலியான முற்றம்

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. குருத்து ஞாயிறும் உயிர்ப்புப் பெருவிழாவும் மூடிய கதவுகளுக்குள் நடந்தன. இலட்சக்கணக்கானோர் கூடும் வேளாங்கண்ணியிலும் அவ்வாண்டு செப்டம்பர் 8 பெருவிழா திருப்பயணிகள் இன்றியே நடந்தது. அந்நாள்களில் நேரலை என்பது மூழ்குகிறவன் கையில் கிடைத்த மரத்துண்டு. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

அக்காலத்தில் ஒளிபரப்பானவற்றுள் நம் நெஞ்சை விட்டு அகலாதது 2020 மார்ச் 27 மாலைக் காட்சி. மழையில் நனைந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து சென்று மன்றாடினார். நற்கருணையை ஏந்தி உலகுக்கு ஆசி வழங்கினார். அந்த ஒளிபரப்பின் வலிமை எதில் இருந்தது? வெறுமையை மறைக்காமல் காட்டியதில் இருந்தது. அங்கு மக்கள் இல்லை என்பதே அந்தக் காட்சியின் பொருள். நம்முடைய வழக்கமான நேரலையோ பீடத்தை நெருக்கத்தில் காட்டி, காலியான இருக்கைகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. பார்ப்பவர், தாம் அங்கே இல்லாததை உணர்வதே இல்லை.

அதே திருத்தந்தை 2020 மார்ச் 9 முதல் தம் காலைத் திருப்பலியை நாள்தோறும் நேரலையில் வழங்கி வந்தார். அந்தத் திருப்பலி ஒன்றிலேயே, ஏப்ரல் 17 அன்று, சமூகமும் அருளடையாளங்களும் இன்றி ஆண்டவரோடு தனியே கொள்ளும் உறவு ஆபத்தானது என்று எச்சரித்தார். நேரலை தந்தவரே அதன் எல்லையையும் வரைந்தார் என்பது கருதத்தக்கது.

கேமரா காட்டுவதும் மறைப்பதும்

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. மற்றது சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றியது. ஒரே நாளில் பிறந்த இவ்விரண்டையும் நாம் சேர்த்துப் படிப்பதில்லை. முன்னது, இறைமக்கள் வாய்மூடிய பார்வையாளராக இராமல் முழுமையாகவும் உணர்வோடும் பங்கேற்க வேண்டும் என்றது. அந்த மாற்றம் நம் கோவில்களில் வேரூன்றப் பல்லாண்டுகள் பிடித்தன. இப்போது திரை நம்மை மீண்டும் பார்வையாளராக்கிவிட்டது. அதிலும், அதிகாரம் கொண்ட பார்வையாளராக்கியிருக்கிறது. மறையுரை நீண்டால் தள்ளிவிடலாம். பாடல் பிடிக்காவிட்டால் வேறு கோவிலுக்கு மாறலாம். காபி குடித்துக்கொண்டே காணிக்கைப் பவனியைக் காணலாம்.

கோவிலுக்குள் இந்த அதிகாரம் நமக்கு இல்லை. அருகில் அமர்பவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வரப்புத் தகராற்றில் பேச்சை நிறுத்திக்கொண்டவரே பக்கத்தில் நிற்கலாம். சமாதானம் பகிரும் வேளையில் அவர் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். சாதிக்கு ஒரு பக்கமென்று பிரிந்து அமர்ந்த வெட்கக்கேடான வரலாறு நம் கோவில்களுக்கு உண்டு. அதை உடைத்து ஒரே பந்தியில் அமர நாம் பட்ட பாடு கொஞ்சமா? திரையோ ஒவ்வொருவருக்கும் சண்டையின்றித் தனி இலை போட்டுவிடுகிறது. ஒருவருக்கொருவர் காத்திராமல் அவரவர் உணவை அவரவர் உண்ட கொரிந்தியரைப் புனித பவுல் கடிந்துகொண்டது நினைவுக்கு வருகிறது. மடல் என்னும் தொடர்புச் சாதனத்தை அவரைப்போல் பயன்படுத்தியவர் இலர். ஆயினும் முகம் காண வேண்டும் என்ற ஏக்கம் அவருடைய மடல்களில் ஓயவே இல்லை. யோவானின் இரண்டாம் திருமுகமும், தாளும் மையும் போதா, நேரில் வருவேன் என்ற கருத்தோடுதான் முடிகிறது.

யார் மீது குற்றம்?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, வராதவர்களைச் சாடுகிறோம் என்று வாசகர் எண்ணலாம். கோவிலே இல்லாத சவூதி அரேபியாவில் உழைக்கும் நம் சகோதரர் கைப்பேசியில் திருப்பலி காண்பதை யார் குறை சொல்வார்? நோயாளியின் அருகே விழித்திருக்கும் மகளை யார் குறை சொல்வார்? தயாரிப்பின்றி நாம் ஆற்றும் மறையுரைகளும் சிலரை வீட்டிலேயே இருத்தியிருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நம் குற்றம் அதனினும் பெரிது.

நம் பங்கில் நடக்க இயலாத மூதாட்டி ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் மாதத்தின் முதல் வெள்ளியன்று அவருக்கு நற்கருணை கொண்டு செல்வோம். வெளிநாட்டிலுள்ள பேரன் கைப்பேசி வாங்கித் தந்து நேரலையைப் பழக்கிவிட்டான். அவர்தாம் நாள்தோறும் திருப்பலி காண்கிறாரே என்ற நிம்மதியில் நம் முதல் வெள்ளிகள் ஒவ்வொன்றாய்த் தவறின. ஏழெட்டு மாதங்கள் கழித்து ஒருநாள் போனோம். கைப்பேசியை ஒரு முக்காலியில் சாய்த்து வைத்து, முன்னே வெள்ளைத் துணி விரித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்திருந்தார். வருத்தம் ஏதும் காட்டாமல் சொன்னார்: “தெனமும் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி. நீங்கதான் என்னயப் பாக்கல.”

அந்த ஒரு சொல்லுக்கு விடை தர, நாம் குருமடத்தில் கற்ற இறையியல் முழுவதும் போதவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தின், ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதை விவரிக்கிறார். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர் நற்கருணையைக் கொண்டுசென்றதையும் அங்கேயே குறிப்பிடுகிறார். வராதவர் எக்காலத்தும் இருந்தனர். அவர்களை நோக்கி ஒருவர் நடந்து செல்வதே திருச்சபையின் தொன்மையான விடை. நாம் அந்த நடையை நிறுத்திவிட்டுக் கேமராவை அனுப்பினோம்.

ஆகவே கேமராவை அகற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது காட்டும் எண்ணைப் பெயர்களாக மாற்ற வேண்டும் என்கிறோம். எந்த அன்பியத்தில் யார் படுக்கையில் இருக்கிறார் என்ற பட்டியல் பங்குத்தந்தையின் மேசையில் இருக்கட்டும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நற்கருணைப் பணியாளர்கள் பீடத்திலிருந்து நேராக அந்த வீடுகளுக்குச் செல்லட்டும். உடல்நலம் உடையவர்களோ திரையை அணைத்துவிட்டு எழுந்து வரட்டும். அவர்கள் வந்தால்தான், வர இயலாதவரிடம் அனுப்ப நமக்கு ஆள் இருக்கும்.

முதல் வெள்ளி மீண்டும் தொடங்கிவிட்டது. நாம் உள்ளே நுழையும்போது அம்மூதாட்டி முதலில் கைப்பேசியை அணைக்கிறார். பிறகு அதே வெள்ளைத் துணியை உதறி, நமக்காக விரிக்கிறார்.