பக்கத்தில் எந்தப் படம்?

திரைப்பட விழா என்றதும் நம்மில் பலர் முதலில் விசாரிப்பது போட்டிப் பிரிவைத்தான். எந்தப் படம் பரிசு வாங்கும், நடுவர் குழுவில் யார் யார் என்ற பேச்சு. எனக்கு அந்த ஆவல் எப்போதோ குறைந்துவிட்டது. நிகழ்ச்சி நிரல் கிடைத்தால் சிறப்புப் பிரிவுகள் இருக்கும் பக்கத்தைத்தான் தேடுவேன். ஒரு தலைப்பின் கீழ் பத்துப் படங்களை ஏன் கூட்டினார்கள், எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்று பார்ப்பதில் தனி ருசி இருக்கிறது. கச்சேரியில் எந்த ராகத்துக்குப் பின்னால் எந்த ராகம் வருகிறது என்று காது கொடுப்பவர்களுக்கு இந்த ருசியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இந்த ருசிக்கு உலகத்திலேயே சிறந்த இடம் இத்தாலியின் பொலோன்யா என்பது என் கட்சி. அந்த நகரத்தின் திரைப்படக் காப்பகமான சினெதேகா 1986-இல் தொடங்கிய ‘இல் சினெமா ரித்ரோவாத்தோ’ பழைய படங்களுக்கான விழா. இப்போது ஜூன் கடைசியில் நடக்கிறது. இரவானால் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டி ஊருக்கே இலவசமாகப் படம் காட்டுகிறார்கள். 2025-இல் ‘ஷோலே’ அதன் அசல் முடிவோடு ஓடியதும் இந்தத் திரையில்தான். ஆனால் விழாவின் உயிர், பகலில் ஊரெங்கும் அரங்குகளில் ஓடும் பிரிவுகளில் இருக்கிறது.

அவற்றில் எனக்கு முதன்மையானது ‘நூறு ஆண்டுகளுக்கு முன்’. 2003-இல், 1903-ஆம் ஆண்டுப் படங்களோடு தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 1904. அதற்கடுத்து 1905. விதி அவ்வளவுதான். பிறகு பல ஆண்டுகள் இதைத் தொகுத்தவர் சுவிட்சர்லாந்தின் திரை வரலாற்றாய்வாளர் மரியான் லெவின்ஸ்கி. கேட்பதற்கு நாள்காட்டியைக் கிழிக்கிற வேலை போலத்தான் இருக்கும். அந்தக் கறார்தான் இதன் அழகு. ‘தலைசிறந்த படங்கள்’ என்று கூப்பிட்டால் எல்லாருக்கும் தெரிந்த பத்துப் பெயர்களே வந்து நிற்கும். ‘1908’ என்று கூப்பிட்டால் வருவதே வேறு கூட்டம்: துறைமுகத்தில் மீன் இறக்குகிறவர்கள், அச்சுத்தகடு வெட்டி ஃபிரேம் ஃபிரேமாக வண்ணம் ஏற்றிய பாத்தே கம்பெனியின் தேவதைக் கதைகள், துரத்தல் நகைச்சுவைகள், ஊர் சுற்றிக் காட்டும் படங்கள். இயக்குநர் பெயர் பாதிக்குத் தெரியாது. பியானோக்காரர் திரையைப் பார்த்தபடியே வாசிக்க, ஒரு மணி நேரத்தில் ஒரு வருடம் கண்முன் நடமாடிவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1914 தொடக்கத்தில் எடுத்த ஒரு தெருக்காட்சியை 2014-இல் பார்க்கிறோம் என்று வையுங்கள். தொப்பி போட்ட இளைஞர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆகஸ்டுக்குள் உலகப் போர் வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். எடுத்தவர் நினைத்தே பார்த்திராத ஒரு நடுக்கம் அந்தப் படத்தில் ஏறிவிடுகிறது. அதை ஏற்றியது பிரிவின் விதி.

அந்த ஆண்டுக் குவியல்களிலிருந்துதான் 1910-களின் நகைச்சுவை நடிகைகள் மறுபடி வெளியே வந்தார்கள். இத்தாலியின் லேயா ஜுன்கி, பிரான்ஸில் ‘ரோசலி’யாக வந்த சாரா டுயமெல். பீங்கானை உடைக்கிறார்கள், மேசை நாற்காலியைக் கவிழ்க்கிறார்கள், வீட்டையே இரண்டாக்குகிறார்கள். லெவின்ஸ்கி இந்தப் படங்களை, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டன் தெருவில் இறங்கியவர்களின் செய்திப் படங்களோடு சேர்த்துவைத்தார். தனியாகப் பார்த்தால் வெறும் கோமாளித்தனம். அந்த ஊர்வலத்துக்குப் பக்கத்தில் பார்த்தால், தட்டு உடையும் சத்தமே வேறு மாதிரி கேட்கிறது, மௌனப் படமாக இருந்தும். தொகுப்பாளர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை, வரிசை சொல்லிவிட்டது.

2012-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் ஓடிய ‘ஜப்பான் பேசுகிறது’ என்ற பிரிவும் இதே கறாரில் பிறந்தது. அதன் தொகுப்பாளர்கள் அலெக்சாண்டர் ஜேக்கபியும் யோஹான் நோர்ட்ஸ்ட்ரோமும் எடுத்துக்கொண்டது ஒரு குறுகிய சந்து: ஜப்பானியப் படங்கள் பேசத் தொடங்கிய காலம் மட்டும். அங்கே மௌனப் படத்துக்குத் திரையருகே அமர்ந்து கதை சொல்லும் பென்ஷிகள் நடிகர்களுக்குச் சமமான புகழோடு இருந்தார்கள். பேசும்படத்தை அவர்கள் எளிதில் உள்ளே விடவில்லை. இயக்குநர் ஓஸு 1935 வரை மௌனப் படம் எடுத்துக்கொண்டிருந்ததற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம். 1931-இல் கோஷோ எடுத்த ‘பக்கத்து வீட்டுக்காரியும் என் மனைவியும்’ அங்கே வெற்றிபெற்ற முதல் பேசும்படம். அதன் கதாநாயகன் பக்கத்து வீட்டு ஜாஸ் சத்தத்தால் எழுத முடியாமல் தவிக்கும் நாடகாசிரியன். சத்தம் வந்த முதல் நாளே சத்தத்தைக் கிண்டல் செய்திருக்கிறார் மனிதர்!

2017-இல் எஹ்சான் கோஷ்பக்த் தொகுத்த ‘டெஹ்ரான் நுவார்’ ஒரு குறும்பு. ஈரானியப் படம் என்றால் சிறுவன், மலைப்பாதை, நீண்ட மௌனம் என்று நம் விழா ரசிகர்கள் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. அதன் நடுவே சாமுவேல் கச்சிகியானின் ஐம்பது, அறுபதுகளின் துப்பாக்கி, நிழல், இரவு விடுதிப் படங்களை இறக்கினார். அந்தச் சித்திரத்தை நமக்குத் தந்த இயக்குநர் கியாரோஸ்தமிக்கு முன்னாலும் டெஹ்ரானில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எல்லாப் பிரிவும் இப்படி அமைவதில்லை. ஓர் இயக்குநர் பெயரைப் போட்டு அவர் படங்களை ஆண்டு வரிசைப்படி ஓட்டுவது பொலோன்யாவிலும் உண்டு. பயனுள்ள வேலை, ஆனால் அதில் யோசித்தவன் கை தெரிவதில்லை. வேறு பல விழாக்களில் ‘நம்பிக்கை’, ‘எல்லைகள் கடந்து’ என்று எதையும் போட்டு அடைக்கக்கூடிய தலைப்புகளைப் பார்க்கும்போது, மிச்சம் விழுந்த படங்களுக்கு வாடகை வீடு பிடித்திருக்கிறார்கள் என்றே தோன்றும்.

2014-இல் திரைப்படக் காப்பாளர் ஷிவேந்திர சிங் துங்கர்பூர் பொலோன்யாவுக்குக் கொண்டுபோன இந்தியப் பிரிவுக்குப் பெயர் ‘பொன்னான ஐம்பதுகள்: ஆபத்திலிருக்கும் இந்தியக் காவியங்கள்’. அதில் எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ இருந்தது. படம் வந்தது 1948-இல். ஐம்பதுகளுக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்கலாம். அதன் முரசு நடனத்தைக் காட்டினால் கேள்வி கேட்டவரே இடம் விட்டுவிடுவார். பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ அதே பிரிவில். ஒன்று ஜெமினி ஸ்டூடியோ காசைத் தண்ணீராக இறைத்த பிரம்மாண்டம். மற்றது கல்கத்தாத் தெருவில் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. கதையாலோ பாணியாலோ இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர முடியாது. சேர்த்தது நெகட்டிவ் அழிந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே செய்தி. அப்படிப் பார்க்கும்போது ‘சந்திரலேகா’வில் நடித்த ராஜகுமாரியும் ரஞ்சனும் அதன் கத்திச்சண்டையும் வெறும் பழம்பெருமையாக இல்லாமல், கைநழுவிப் போகக்கூடிய பொருளாக மாறிவிடுகின்றன. தலைப்பின் பின்பாதி செய்த வேலை அது.

நமக்கும் ‘நூறு ஆண்டுகளுக்கு முன்’ என்று ஒரு பிரிவு வைக்க ஆசைதான். ஆர். நடராஜ முதலியாரின் மௌனப் படமான ‘கீசக வதம்’ நூற்றாண்டு தாண்டிவிட்டது, பிரதி இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. 2031-இல் அதற்கு நூறு வயது. அதற்கும் பிரதி கிடைக்கவில்லை.