நன்றியுரைக்கு அப்பால்

எங்கள் பட்டுக்கோட்டை மேடைப் பேச்சுக்குப் பெயர்போன ஊர். சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் அழகிரியின் பெயர் ஊர்ப் பெயரோடு சேர்ந்துதான் இன்றும் வழங்குகிறது. ஆனால் நான் போன இலக்கியக் கூட்டங்களில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வரவேற்புரையும் நன்றியுரையும்தான். ஒருமுறை சங்கப் பெண்கவிகள் பற்றிய அமர்வில் நான்கு ஆண்கள் பேசி முடித்தபின், அவர்களுக்கு நன்றி சொல்ல என்னை அழைத்தார்கள். சொன்னேன். அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

மேடை வேறு, உரையாடும் வெளி வேறு. மேடைக்குக் கேட்பவர்கள் போதும்; வெளிக்குப் பதில் சொல்பவர்கள் வேண்டும்.

1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, ஔவை உள்ளிட்ட பத்துப் பெண்களின் கவிதைகள் அதில் உள்ளன. அவற்றில் ஒன்றைத் தனியே வாசித்தால் அது ஒருத்தியின் மனக்குறையாகத் தோன்றலாம். பத்துக் குரல்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும்போது அதன் அரசியல் புலப்படுகிறது. எனக்கு மட்டுமா இப்படி என்று கேட்பவளுக்கு, இல்லை என்று இன்னொருத்தி பக்கத்திலிருந்து சொல்வதுதான் நல்ல வெளியின் முதல் வேலை.

1990இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்கள் தொடங்கிய ‘பெண்கள் சந்திப்பு’ இரண்டாவது பாடம். அது ஓர் ஊரில் நிலைகொள்ளாமல் வெவ்வேறு நாடுகளில் கூடியது. இடம் மாறும்போது பொறுப்பேற்பவரும் மாறுகிறார். நிரந்தரத் தலைவி இருந்தால் மற்றவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிடுவார்கள்; நம் அமைப்புகள் பலவும் தேய்ந்தது இப்படித்தான்.

ஆனால் வெளி ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. 1991 மே மாதம் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை. சுற்றிலும் துப்பாக்கிகள் பேசிய ஊரில் ஒரு சிறு வட்டத்தால் எவ்வளவு தாங்க முடியும்? இதை மறந்துவிட்டுப் பெண் வெளிகளைக் கொண்டாடுவது நேர்மையல்ல.

நம் ஊருக்கு வருவோம். மாலை 6 மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தாலே, பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய மாணவியை விலக்கிவிட்டோம் என்று பொருள். இங்கே பேசியது வீட்டுக்குப் போகாது என்ற உறுதி இல்லையென்றால் வந்தவளும் வாய் திறக்கமாட்டாள். ஒரே தெருவின், ஒரே சாதியின் பெண்கள் மட்டும் கூடிவிட்டு அதற்குப் ‘பெண்கள் கூட்டம்’ என்று பெயர் வைப்பது இன்னொரு மோசடி.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு காலை சிலர் கூடுகிறோம். பாய் விரித்து வட்டமாக உட்காருகிறோம். ஒருநாள் நடவு பற்றிய கவிதை ஒன்றை ஒரு மாணவி “ரொம்ப அழகு” என்றாள். அம்மாவோடு நடவுக்குப் போகும் இன்னொருத்தி, “குனிஞ்சு நட்டுப் பாரு, அப்பத் தெரியும் அழகு” என்றாள். பேச்சு முற்றி, முதலாமவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். நான் சமாதானம் செய்யப் போகவில்லை. நடவுக்காரியின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த மாதம் முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

அடுத்த ஞாயிறு இருவருமே வந்தார்கள். அந்தக் கவிதையை மறுபடி எடுத்தோம்.